தபால் பிரிக்கிறவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பதினொரு செல்லசாமிகள் இருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று சொன்னீர்கள், அதனால் விவரமாக எழுதுகிறேன் சார். வினோதாவின் மகள் சுதர்ஷினி செத்துப்போனதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் செல்லசாமிகளிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கம் கிடையாது. பாதைக்குப் பெயர் கிடையாது. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டத்தின் இரண்டு பிரிவுக்கும் வருகிற கடிதமெல்லாம் ஒரே பையில் தோட்டத்து ஆப்பீசுக்குத்தான் வரும். உறையில் செல்லசாமி என்று மட்டும் இருக்கும். கோர்ட்டுத் தபால் என்றால் அது தண்ணிச் செல்லசாமிக்கு. வங்கியிலிருந்து வந்தால் ஆட்டோ செல்லசாமிக்கு. வெளிநாட்டு முத்திரை என்றால், மகளைச் சவூதிக்கு அனுப்பிவிட்டுப் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் தினமும் கண்ணைக் கசக்குகிற செல்லசாமிக்கு. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் தலைக்குள் இருக்கிறது. முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்களுக்கும் வீட்டு இலக்கம் நான்தான்.

காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அரைநாள் வேலை. தற்காலிகம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது பதினாறு வயது. சம்பளத்தைப் பற்றி எழுத மாட்டேன், எழுதினால் எனக்குத்தான் கேவலம். பன்னிரண்டு மணிக்கு நான் ஒருநாளும் எழும்பியதில்லை. சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு சனம் வாசலில் நிற்கும். வாசித்துச் சொல்ல வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், பதில் எழுத வேண்டும். அவசரக் கடிதம் என்றால் கொழுந்து எடுக்கிற மலைக்கே ஏறிப்போய்க் கையில் கொடுப்பேன். அட்டை கடித்த தழும்பு இரண்டு காலிலும் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு, நிரந்தரமாக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பெரிய கிளாக்கர் சின்னராசா அதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"என்னா பூரணி, தபால் பிரிக்கிறதுக்கு நெரந்தரமா? கண்ணு தெரிஞ்ச யாரும் செய்ற வேலதானே இது!"

ஆப்பீசே சிரித்தது. தேத்தண்ணி கொண்டுவருகிற பேச்சியம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் மகனுக்கு வேலை கிடைத்த கடிதத்தை, அடைமழையில் மடிக்குள் செருகிக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அவர்களை விட்டுவிட்டு நேரே தோட்டத்தை நடத்துகிற துரையின் அறைக்குப் போனேன். துரை பார்த்துக்கொண்டிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேலையாட்கள் எல்லாரின் பெயரும் இருக்கிற செக்ரோல் புத்தகத்தை மட்டும் விரலால் தட்டிக் காட்டினார்.

"இதுல பூரணின்னு ஒரு ஆளே இல்லியே. இல்லாத ஆளுக்கு நான் எப்படி நெரந்தரம் குடுக்கிறது? ஒன் டியூட்டி லிஸ்ட்டுல இருக்கிறத மட்டும் செஞ்சிட்டுப் போ."

எனக்குக் கோபமெல்லாம் இல்லை சார். வயிறு மட்டும் எரிந்தது. பதினாறு வருடம் உழைத்த ஒருத்தியைப் பார்த்து, நீயே இல்லை என்று வாய் கூசாமல் சொன்னால் யாருக்கும் எரியத்தான் செய்யும். அப்படி ஒரு லிஸ்ட் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்றே வரி. பையைத் திறக்க வேண்டும், கடிதங்களை அந்தந்தக் கணக்கின் பெட்டியில் போட வேண்டும், முகவரி தெளிவில்லாதவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். கொழுந்து மலை அதில் இல்லை. பதினொரு செல்லசாமிகளும் இல்லை. என் மேசை லாச்சிக்குள் ஒரு ரப்பர் முத்திரை நான் சேர்ந்த நாளிலிருந்தே சும்மா கிடந்தது. 'இம்முகவரியில் இப்பெயருடையவர் இல்லை.' அதைத் தூசி தட்டி எடுத்தேன்.

மறுநாளிலிருந்து சொன்னதை மட்டும் செய்தேன். இலக்கமே இல்லாத இடத்தில் எந்த முகவரி தெளிவாக இருக்கும்? வந்ததில் பாதிக்கு மேல் திரும்பிப் போனது. பன்னிரண்டு அடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். இரண்டு வாரத்தில் சனம் தவிக்கத் தொடங்கியது.

"அக்கா, எனக்கு ஒரு காயிதமும் வரலியாக்கா?"

"பொட்டியில பாருங்க."

பெட்டியைத் துழாவிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் யார் என்பது அந்தப் பார்வையில்தான் எனக்கே விளங்கியது. இவர்கள் எல்லாரும் ஒன்றாகப் போய், பூரணிக்கு ஒரு வழி பண்ணுங்க என்று துரையிடம் கேட்பார்கள் என்று நினைத்தேன். எதற்கெல்லாமோ பெரட்டுக் களத்தில் நின்று சத்தம் போடுகிற சனம்தானே. ஒருத்தராவது போகவேண்டுமே. தபால் கந்தோரைத் திட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். துரைக்கும் கிளாக்கருக்கும் வருகிற கடிதங்களில் பங்களாவின் பெயர் வரை அச்சில் இருக்கும். அவற்றை ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒழுங்கு என்றால் எல்லாருக்கும் ஒழுங்குதான்.

வினோதா என் பக்கத்துக் காம்பரா. கொழுந்து எடுக்கிறாள். அவள் மகளுக்கு ஐந்து வயது, பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை. போன வருடம் கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குப் பதியும்போது படிவம் நிரப்பிக் கொடுத்தது நான்தான். எங்கள் லயம் இருக்கிற பள்ளத்தில் போன் சிக்னல் கிடைக்காது, அதனால் திகதி கடிதத்தில்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்பு இரண்டு கிளினிக் கடிதங்கள் வந்தன, இரண்டையும் மலைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளை என்னைத் தபால் பெரியம்மா என்றுதான் கூப்பிடும்.

மூன்றாவது கடிதம் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. உறையின் மூலையில் ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்தவர் கடிதத்தை நான் ஒருநாளும் பிரித்ததில்லை, அந்தப் பழக்கம் என்னிடம் இல்லை. மற்றவற்றோடு அதையும் திருப்பி அனுப்பினேன்.

வியாழக்கிழமை வினோதா மலையிலிருந்து நேரே ஆப்பீசுக்கு வந்தாள். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"அக்கா, கொழும்புக் காயிதம் வந்திச்சாக்கா?"

"பொட்டியில பாரு."

"பொட்டியில இல்லக்கா."

"அப்ப இல்ல."

"புள்ளைக்கு ஒதடெல்லாம் நீலமாகுதுக்கா. ஒங்களத்தான்க்கா நம்பியிருக்கேன்."

நம்பியிருக்கிறாளாம். அந்த நம்பிக்கையை ஒரே ஒரு நாள், துரையின் வாசலில் போய் நின்று சொல்லியிருக்கலாமே. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. மணி பன்னிரண்டாகியிருந்தது, குடையை எடுத்தேன்.

அதற்குப் பிறகும் வாரத்துக்கு இரண்டு தடவை வந்தாள். இரவில் காம்பராச் சுவரைத் தட்டிக் கேட்டபோது, ஆப்பீஸ் விஷயத்தை ஆப்பீசில் வந்து கேள் என்று சொல்லிவிட்டேன். நேரில் கொழும்புக்குப் போய் விசாரிக்கட்டுமா என்றும் என்னிடம்தான் கேட்டாள். வரும், வீணாக அலையாதே என்றேன். அவளுக்குப் பஸ் காசாவது மிச்சமாகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். சித்திரை வருடப்பிறப்புக்கு முறுக்கும் பணியாரமும் கொண்டுவந்து தந்தாள், சாப்பிட்டேன். ஒப்பரேசனுக்குக் குறித்திருந்த நாள் அது கழிந்து நாலாம் நாளாம். வைகாசியில் பிள்ளை போய்விட்டது. சாவு வீட்டில் சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றியது நான்தான். அன்றைக்கும் யாரும் எனக்கு ஒரு நன்றி சொல்லவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு, பிள்ளையின் தகப்பன் கிஷாந்த் கொழும்புக்குப் போய், ஏன் எங்களைக் கூப்பிடவில்லை என்று ஆஸ்பத்திரியில் சண்டை போட்டிருக்கிறான். அவர்கள் திரும்பி வந்த உறையை எடுத்து அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

முகவரி தெளிவாக இருந்ததே, ஏன் திருப்பினாய் என்று இரண்டு தடவை கேட்டீர்கள். தெளிவாகத்தான் இருந்தது. அந்த முகவரியைப் படிவத்தில் எழுதியதே நான். காம்பராவுக்கு இலக்கம் இல்லையே, கடிதம் தவறாமல் என் கைக்கு வரட்டுமே என்று பிள்ளையின் பெயருக்குக் கீழே 'மேற்பார்வை: பூரணி, தோட்ட ஆப்பீஸ்' என்று எழுதியிருந்தேன். உறையிலும் அப்படியேதான் வந்தது. ஆனால் பூரணி என்று ஒரு ஆளே இல்லை என்று துரை சொல்லிவிட்டாரே சார். இல்லாத ஆளுக்கு வந்த கடிதத்தை நான் எப்படி வாங்குவது?

அவசரத்தில் செய்யவில்லை. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுத்தான் குத்தினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முத்திரை கோணாமல் என் பெயரின் மேல் மட்டும் விழுந்திருக்கிறது. பிள்ளையின் பெயரில் ஒரு பொட்டு மைகூடப் படவில்லை. கண் தெரிந்த யாரும் செய்கிற வேலை என்று சொன்னார்களே, அந்த ஆப்பீசில் வேறு யாரையாவது இப்படிக் குத்தச் சொல்லிப் பாருங்கள்.