முளைக்காத தக்காளி

அன்னூர் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். வேலையை விட்டுவிட்டதாக மகன் காலையில் சொன்ன அதிர்ச்சியில் இருந்த நான், இளையவள் சொன்னதில் நிமிர்ந்தேன்.

“எம் பொண்ணு முளைக்காத தக்காளிய முப்பது ஊட்டுக்கு வித்துப்போட்டாளுங்க்கா.”

“அதெப்படி அம்மணி, கூடையில காத்தயா குடுப்பா?”

“சீசன் முழுக்க வாரம் ஒரு கூடை, மருந்தடிக்காத காய் தாரேன்னு வெதைக்கறதுக்கு முந்தியே பேச்சுங்க.”

“முளைக்கலீன்னா?”

“முளைச்சுதுங்க. அப்புறம் மழையில பூரா அழுகிப்போச்சு. வேற பக்கம் வாங்கிக்கங்கன்னு எல்லாத்துக்கும் போன் பண்ணிப்போட்டா.”

“போயிட்டாங்களா?”

“ஞாயித்துக்கெழமை டவுன்ல, உக்கடத்துல இருந்தெல்லாம் குழந்தைகளோட வந்து, மறுக்கா வெதச்சுக் குடுத்தாங்க. தோட்டம் போடறேன்னு வேலைய உட்ட மககூடப் பேசமாட்டேன்னு இருந்த எங்கூட்டுக்காரரு, ‘எம் பொண்ணு தோட்டமுங்க’ன்னு அத்தனை பேருக்கும் எளநி வெட்டுனாரு.”