கம்புக்கு வெளிய தலை

இல்லம்மா, எழுந்திருக்காதீங்க, உக்காருங்க. நான் சண்டை போட வரல. மூஞ்சி அப்படித்தான் இருக்கும், காலையிலேர்ந்து இந்த டான்யூப் காத்துல நின்னு கத்தினா யாரு மூஞ்சியும் இப்படித்தான் ஆகும். நீங்க அந்தப் பொரிச்ச லாங்கோஷ் ரொட்டியைத் தின்னு முடிங்க. ஆறிப்போனா வெறும் மாவும் பூண்டு வாடையுந்தான் மிஞ்சும். நான் பாட்டுக்குப் பேசறேன், நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க.

பதினாலாம் கேட்டைப் பத்தித்தான். வேற எதைப் பத்தி?

பாருங்க, சொல்லி வாயை மூடல, பெருமூச்சு விடறீங்க. இதுவரைக்கும் எத்தனை அப்பன், எத்தனை கோச்சு உங்க நாற்காலி முன்னாடி வந்து நின்னு குதிச்சிருப்பாங்க, எனக்குத் தெரியாதா ஒட்டீலியாம்மா? நான் துடுப்பு போட்ட காலத்துலயே நீங்க இதே மாதிரி குடையும் ஃபிளாஸ்குமா கரையில உக்காந்து ஜட்ஜ் வேலை பாத்தவங்க. எனக்கே எத்தனை தண்டனை போட்டிருக்கீங்க. ஒரு தடவையாவது வந்து கேட்டிருக்கேனா? சரி, ஒரு தடவை. சரி, ரெண்டு. அதையெல்லாம் இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களா? அப்ப சின்ன வயசும்மா, விடுங்க.

இது என் விஷயம் இல்ல. என் பொண்ணு டோரொட்டா விஷயம். அவளுக்கு நீங்க பதினாலுல அம்பது செகண்டு போட்டுட்டீங்க. மேலேர்ந்து கீழ வரைக்கும் மத்த எல்லா கேட்டும் சுத்தம். அந்த ஒண்ணுல மட்டும் கேட்டையே விட்டுட்டான்னு அம்பது. அம்பது செகண்டுன்னா என்னம்மா? நம்ம விளையாட்டுல கண்ணு சிமிட்டற நேரத்துல ஒருத்தி மெடல் வாங்கறா, இன்னொருத்தி வீட்டுக்குப் போறா. அம்பது செகண்டுல நான் ஷூவைக் கழட்டி மறுபடி மாட்டிக்குவேன். இன்னிக்குக் கடைசி செலக்‌ஷன் ரேஸ்னு தெரியும்ல? டீம்ல ஒரே ஒரு இடந்தான் பாக்கி இருந்துச்சு. இப்ப அது ராட்காவுக்குப் போயிடுச்சு. ராட்கா நல்ல பொண்ணுதான், நான் ஒண்ணும் குறை சொல்லல. ஆனா அவ திரும்பறதைப் பாத்தீங்களா? லாரியை ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கு.

என்னது, ரூலா? எனக்கே ரூல் சொல்றீங்களா? தண்ணிக்கு மேல தொங்கற ரெண்டு கம்புக்கு நடுவுல படகும் வரணும், தலையும் முழுசா வரணும். கம்பு மேல பட்டா ரெண்டு செகண்டு, தலை வெளிய போனா அம்பது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். டோரொட்டா ஆறு வயசுல முதமுதல்ல கத்துக்கிட்டதே அதைத்தான். புதுசா வர்ற குழந்தைங்க என்ன பண்ணும்? கம்புல இடிச்சிடுவோமோன்னு பயந்து உடம்பை வெளிய சாய்ச்சிடும். கம்பு ஆடாது, படகும் உள்ளதான் போகும், ஆனா தலை வெளிய. அப்புறம் கரைக்கு வந்து, நான்தான் கம்பைத் தொடவே இல்லையேன்னு அழும். அது குழந்தைங்க பண்ற தப்பு. என் பொண்ணு குழந்தையா, சொல்லுங்க. இந்தக் கான்கிரீட் வாய்க்கால்ல ஒவ்வொரு அலையும் அவளுக்கு எங்க வீட்டு மாடிப்படி மாதிரி. கண்ணை மூடிக்கிட்டே இறங்குவா. அவ போய் அதைப் பண்ணுவாளா?

அதுவும் பதினாலு ஒரு கேட்டா? சும்மா பச்சைக் கேட்டு. தண்ணியே தூக்கிக்கிட்டுப் போய் உள்ள விட்டுடும். பதிமூணு கஷ்டம், ஒத்துக்கறேன். சிவப்புக் கேட்டு, ஓட்டத்துக்கு எதிர்ல ஏறணும். அதுல சொதப்பியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அதை அவ எடுத்த அழகைப் பாத்தீங்கல்ல? துடுப்பை ஒரே ஒரு குத்து, படகு நின்ன இடத்துலயே திரும்பிடுச்சு. பக்கத்துல நின்ன செக் கோச்சு என்னைப் பாத்துத் தலையாட்டினான். அவங்க லேசுல தலையாட்ட மாட்டாங்கம்மா.

கத்தறேனா? நான் எங்க கத்தறேன், இந்தத் தண்ணிச் சத்தத்துல… அட. தண்ணியை நிறுத்திட்டாங்களா? எப்ப ஷட்டரை இறக்கினாங்க? நான் கவனிக்கவே இல்ல. இவ்ளோ நேரம் சும்மாவா கத்திக்கிட்டு இருந்தேன். மன்னிச்சுக்குங்க. என் பொண்டாட்டி யொலானாவும் இதான் சொல்லுவா, பிளாஷெய், வீட்டுல அலை அடிக்கல, மெதுவாப் பேசுன்னு.

சரி, மெதுவாவே கேக்கறேன். உங்க நாற்காலி இந்தக் கரை. நான் நின்னது எதிர்க்கரை. அவ படகு போனது என் பக்கத்துக் கம்பை ஒட்டி. அப்ப உங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? அவ ஹெல்மெட்டோட பின்பக்கம். வெயில் வேற தண்ணியில பட்டு கண்ணுல அடிச்சிருக்கும். ஒரு சாண் கூடக் குறைய தெரியறது சகஜந்தானே? வயசை நான் சொல்லல. கண்ணாடி போட்டிருக்கீங்க, தெரியுது, புதுக் கண்ணாடி. நல்லா இருக்கு.

வீடியோவும் பாத்தாங்களா? பாத்துட்டு?

ம்.

கேமராவும் உங்க பக்கத்துலதானே இருக்கு.

ஏன் நேரத்துக்கு அப்பீல் பண்ணலன்னா… பண்ணல. நேரம் இருந்துச்சு. ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். அது வேற கதை, அதை விடுங்க. இப்ப எதையும் மாத்த முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஸ்கோர் ஒட்டியாச்சு, ராட்கா வீட்டுல இந்நேரம் பாட்டில் திறந்திருப்பாங்க.

எனக்கு ஆத்திரமா வருதும்மா. யாரு மேலன்னு தெரியாம வருது, அதான் பெரிய கொடுமை. இந்த கோர்ஸை வடிவமைச்சவன் மேல கோபப்பட்டுப் பாத்தேன். காத்து மேல கோபப்பட்டேன், கம்பு ஆடுது ஆடுதுன்னு சொல்லிப் பாத்தேன், யொலானா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. கடைசியில நீங்கதான் மிஞ்சினீங்க.

அவளுக்காக நான் என்ன பண்ணலன்னு சொல்லுங்க. படகுல அவ மண்டி போடற இடத்துக்கு வருஷா வருஷம் நான்தான் ஃபோம் செதுக்கறேன். வேற யாரையும் தொட விடமாட்டேன். அவ முட்டி ஒரு வருஷத்துல எவ்ளோ வளந்திருக்குன்னு அவ அம்மாவுக்குக்கூடத் தெரியாது, என் கைக்குத் தெரியும். ஜனவரியில ஜாக்கெட் மேல தண்ணி உறைஞ்சு நிக்கும், அதைக் கழட்ட முடியாம அவ வண்டி ஹீட்டர் முன்னாடி உக்காந்திருப்பா. நான் சொல்லுவேன், இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. போயிடுவா. ஒரு தடவைகூட முடியாதுன்னு சொன்னதில்ல. மத்த பசங்க அப்பாகூட என்னமா வாயாடுதுங்க. கரையில படகைப் போட்டுட்டு, நீ வேணா இறங்கிப் பாருன்னு கேக்குதுங்க. இவ கேட்டதே இல்ல. நான் அதைப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். என் பொண்ணு தங்கம்னு.

ஒரே ஒரு தடவை ஒண்ணு கேட்டா. கிறிஸ்மஸ் அன்னிக்கு. கெண்டை மீனுக்கு முள்ளெடுத்துக்கிட்டே, அப்பா, நான் கோஷிட்சேக்குப் போய் மாட்டு டாக்டருக்குப் படிக்கட்டுமான்னா. கோஷிட்சே எங்க இருக்கு! நாட்டோட அந்தக் கோடி. அங்க போய் யாரு இவளுக்கு கேட் கட்டித் தொங்க விடுவா? நான் சிரிச்சேன். ஒலிம்பிக் முடியட்டும்மா, அப்புறம் மாடு என்ன, ஆடு, பன்னி எல்லாத்தையும் பாருன்னேன். எல்லாரும் சிரிச்சோம். அவளும் சிரிச்சான்னு நினைக்கறேன். யொலானா சிரிக்கல, எழுந்து போய் உருளைக்கிழங்கு சாலட்டை எடுத்துட்டு வந்தா.

இல்ல, நீங்க நினைக்கற மாதிரி இல்ல. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. அப்புறம் அவ வாயே திறக்கல. முன்னைவிட நல்லா துடுப்பு போட்டா. போன மாசம் அவ போட்ட டைமிங்கைப் பாத்துட்டு கிளப்புல எல்லாரும் எங்கிட்ட வந்து கை குடுத்தாங்க.

டீயா? குடுங்க, ஒரு வாய். சக்கரை போடலயா? பரவால்ல.

இன்னிக்குக் காலையில பாருங்க, ரேஸ் அன்னிக்கு அவளுக்கு ஒண்ணும் உள்ள இறங்காது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், தண்ணி குடிச்சாலும் வாந்தி. இன்னிக்கு முட்டையைச் சாப்பிட்டா, ரொட்டியைச் சாப்பிட்டா, என் தட்டுல இருந்த சாசேஜையும் எடுத்துக்கிட்டா. ஆஹா, பொண்ணு பக்குவமாயிட்டா, இன்னிக்கு ஜெயிச்சாச்சுன்னு நான் யொலானாவைப் பாத்துக் கண்ணடிச்சேன். மடையன்.

நேத்து சாயங்காலமும் அப்படித்தான். தண்ணியை நிறுத்தினதுக்கப்புறம் எல்லாரும் கரையோரமா நடந்து கோர்ஸை மனசுல ஏத்திக்கிட்டு இருந்தாங்க. உங்களுக்குத் தெரியாததா, ரேஸுக்கு முன்னாடி அந்தக் கேட்டுங்கள்ல ஒரு தடவைகூடப் படகு விட முடியாது, பாத்துப் பாத்து மனப்பாடம் பண்ணிக்க வேண்டியதுதான். ஒவ்வொருத்தியும் கண்ணை மூடிக்கிட்டு, இல்லாத துடுப்பைக் கையில பிடிச்சு, இடுப்பைத் திருப்பித் திருப்பி, பாக்கறவனுக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். டோரொட்டாவும் நின்னு பண்ணிக்கிட்டு இருந்தா. நான் கொஞ்சம் தள்ளி நின்னு அவ கையைப் பாத்து கேட்டை எண்ணிக்கிட்டு வந்தேன். பதிமூணுல அந்தக் குத்து, பிரமாதம். பதினாலு வந்ததும் கை நின்னுடுச்சு. தலையை மட்டும் இப்படி, வலப்பக்கமா, சாய்ச்சா. மறுபடி மேலேர்ந்து ஆரம்பிச்சா, மறுபடி பதினாலுல இப்படி. கிட்ட போய், என்னடா, கழுத்து வலியான்னு கேட்டேன். இல்லப்பா, மனப்பாடம் பண்றேன்னா. சரி, நல்லாப் பண்ணுன்னு தட்டிக் குடுத்துட்டு வந்தேன்.

ஆமா. நீங்க சரியாத்தான் பாத்தீங்க.

உங்களுக்குத் தெரிஞ்சது ஹெல்மெட்டோட பின்பக்கம். முன்பக்கம் எனக்குத் தெரிஞ்சுது. படகு கம்பை ஒட்டி ஒழுங்கா உள்ள வந்துக்கிட்டு இருக்கு, நான் ஹொப் ஹொப்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டே ஓடறேன். அவ துடுப்பை மடியில வெச்சா. பஸ் ஜன்னல்லேர்ந்து எட்டிப் பாக்கற மாதிரி தலையைக் கம்புக்கு வெளிய, என் பக்கமா நீட்டி, என்னைப் பாத்தா. அவசரமே இல்ல. கேட்டைத் தாண்டினப்புறம் தலையை உள்ள எடுத்துக்கிட்டு மறுபடி துடுப்பு போட ஆரம்பிச்சா. மிச்ச கேட்டையெல்லாம் சுத்தமா எடுத்தா, யாரும் சோம்பேறின்னு சொல்லிடக் கூடாதுன்னு. அப்பீல் பண்ண நான் ஓடினப்ப ஆபீஸ் வாசல்ல ஈரத்தோட நின்னுக்கிட்டு இருந்தா, எனக்கு முன்னாடியே வந்து. வேணாம்ப்பான்னா. அவ்ளோதான் சொன்னா.

இப்ப வண்டியில தூங்கறா. வாயைத் திறந்துக்கிட்டு, குழந்தை மாதிரி. யொலானா கம்பளியைப் போத்திவிட்டு, என்னைப் பாத்து உஸ்னா. அதான் இங்க வந்தேன்.

ஒட்டீலியாம்மா, ஒண்ணே ஒண்ணு. எழுத வேணாம், யாருகிட்டயும் சொல்ல வேணாம், இங்க நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம். நான் தப்பாப் பாத்துட்டேன் பிளாஷெய், அவ தலை உள்ளதான் இருந்துச்சுன்னு எனக்காக ஒரு தடவை வாயால சொல்லுங்களேன். நான் ரெண்டு நாள் உங்களைத் திட்டிட்டு, திங்கக்கிழமை அவளைக் கூட்டிக்கிட்டுத் தண்ணிக்குப் போயிடுவேன்.

மாட்டீங்களா.

சரி. அப்ப அவகிட்டதான் கேக்கணும். எழுந்தப்புறம். இத்தனை வருஷமா அவகிட்ட சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்ல. எப்படிம்மா ஆரம்பிக்கறது?