நாலாம் வாய்க்கால்

இல்ல தம்பி, மெஷினை இப்பவே எறக்க வேணாம். தண்ணி இப்பதான் வத்துது. சேறு இறுக ஒரு மணி நேரமாவது ஆகணும். இல்லேன்னா உங்க பொக்லைன் உள்ள போய் உக்காந்துக்கும், அதைத் தூக்க இன்னொரு பொக்லைன் வரணும். உக்காருங்க, டீ குடிங்க. சர்க்கரை ஜாஸ்தியா? மதகுக் காவல்காரன் போடுற டீ அப்படித்தான் இருக்கும்.

ஒண்ணு, ரெண்டு, மூணு வாய்க்காலையும் நல்லா தூர் வாரிடுங்க. நாலை மட்டும் விட்டுடலாமே. என்ன, நாலுதான் முக்கியம்னு ரேஞ்சர் சொன்னாரா? அவரு சொல்லுவாரு.

பத்து வருஷத்துக்கு முன்னாடி இது வெறும் உப்புப் பொட்டல், தம்பி. அலையாத்தி மரக்கன்னும் மெஷினும் காட்டிலாகா குடுக்கும், நடுறதும் காவல் காக்குறதும் ஊர்க்காரங்கன்னு ஒப்பந்தம் போட்டோம். மொத வருஷம் நட்டது மொத்தமும் செத்துச்சு. அலையாத்திக்குக் கடல் தண்ணி தினம் வந்துட்டுப் போகணும்னு அப்புறம்தான் மண்டையில ஏறுச்சு. அதுக்கு வெட்டினதுதான் இந்த வாய்க்காலுங்க. மதகைத் தெறக்குறதும் மூடுறதும் என் வேலை. தூக்கினா கடல் தண்ணி உள்ள பாயும்.

லேசான வேலைன்னு நெனைக்காதீங்க. சேத்துல எறங்குறவங்க செருப்பைக் கரையில விட்டுட்டுப் போவாங்க. சாயங்காலம் செருப்பு எதுவும் மிச்சம் இல்லேன்னா எல்லாரும் ஏறிட்டாங்கன்னு கணக்கு. அதுக்கு மேலயும் மூணு விசில் ஊதி, கொஞ்சம் நின்னு பார்த்துட்டுத்தான் மதகைத் தூக்கணும். ஊர்க் கமிட்டி போட்ட விதி.

நாலுல என்னவா? தண்ணி ஏறும்போது ஆள் கூப்பிடுற சத்தம் கேக்குது. சிரிங்க, சிரிங்க. நடவுப் பொம்பளைங்ககிட்ட கேட்டுப் பாருங்க, ஒருத்தியும் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டா. மூணு வருஷமா வாரவே இல்ல, மண்ணு மேடு தட்டிப் போச்சு. அதோ, பின்னாடி பழுப்பாத் தெரியுது பாருங்க. நாப்பது ஏக்கர். தண்ணி எட்டாமக் காயுது.

அது என் தங்கச்சி நின்னு நட்ட காடு. அவதான் கமிட்டித் தலைவி. நேத்துக் கூட்டத்துல எழுந்திருச்சா. பேய் இருந்தா நான் பேசிக்கிறேன், மெஷினை வரச் சொல்லுங்கன்னுட்டா. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். வேற என்ன பண்றது?

வீட்டுக்காரரா? இல்ல, அவ தனியாத்தான் இருக்கா. மூணு வருஷம் முன்னாடி மச்சான் விட்டுட்டுப் போயிட்டாரு. பஸ் ஏறினதைப் பார்த்ததாப் பேச்சு. அவரு நம்பருக்கு மாசாமாசம் இவ ரீசார்ஜ் பண்றா, திட்டுறதுக்காவது எடுக்கட்டும்னு.

நல்ல மனுஷன் தம்பி. மறதிதான். கல்யாணத்தன்னிக்கு மூக்குக்கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்து, எங்க சித்தப்பாவை மாமனார்னு நெனச்சு அரை மணி நேரம் பேசிட்டிருந்தாரு. எங்க போனாலும் ஒண்ணை விட்டுட்டு வந்து, அதை எடுக்கத் திரும்ப ஓடுவாரு.

நேத்துக் கூட்டம் முடிஞ்சு தங்கச்சி என்கூட நடந்து வந்தா. அண்ணா, காடு பச்சையாயிட்டா பேப்பர்ல போடுவாங்க, அதைப் பார்த்தாவது வெக்கப்பட்டுத் திரும்பி வருவாருல்ல, அப்படின்னா. வருவாரும்மான்னேன்.

இன்னொரு டீ ஊத்தவா? சரி, வேணாம்.

அன்னிக்கு நாலுல வேலை பார்த்துட்டு ஏறினப்போ, மச்சான் அருவாளை உள்ளயே விட்டுட்டாரு போல. கரையேறி செருப்பு மாட்டினவரு, செருப்போடவே திரும்ப எறங்கியிருக்காரு. நான் கரையைப் பார்த்தேன், ஒரு ஜோடியும் இல்ல. மழை வேற இருட்டிக்கிட்டு வந்துச்சு. நனையுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்னு விசில் ஊதல. மதகைத் தூக்கிட்டேன். ஒரு குரல் கேட்டுச்சு. நாரைன்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டேன்.

காலையில தண்ணி வத்தினதும் பார்த்தா, தொடை வரைக்கும் சேத்துல மாட்டியிருந்தாரு. யாரும் வர்றதுக்குள்ள கரை மண்ணைத் தள்ளி மூடினது நான்தான். பஸ் ஏறினாருன்னு சொன்னதும் நான்தான். நாலுல சத்தம் கேக்குதுன்னு மொத மொதக் கெளப்பி விட்டதும் நான்தான், யாரும் அங்க தோண்டக் கூடாதுன்னு. இப்ப என்னடான்னா, எனக்கே கேக்குது. தெனம், தண்ணி ஏறும்போது.

எழுந்திருக்காதீங்க தம்பி. ரேஞ்சருக்கு அப்புறம் போன் பண்ணிக்கலாம். அதோ, தங்கச்சி வந்துட்டிருக்கா. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க வாயைத் தெறக்க வேணாம். சேறு இறுகினதும் நாலுலயே ஆரம்பிங்க. மதகுலேருந்து பதினஞ்சு அடி, இடது கரை ஓரம். அங்க மட்டும் வாளியை மெதுவா எறக்குங்க.