பச்சை பெயிண்ட் அடித்த கிணறு

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான் இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை, பல்லடம் ரோட்டு டீயே அப்படித்தான்.

எங்கப்பா பனியன் வேஸ்ட் வியாபாரி. விலை ஏறும்வரை மூட்டையைக் குடோனில் போட்டுவிட்டு வாய் திறக்கமாட்டார். நான் புவியியல் வாத்தியாரானாலும் அந்தப் பொறுமை ரத்தத்தில் வந்துவிட்டது.

சித்ரகலாவும் நானும் ஒரே நாளில் கல்லூரியில் சேர்ந்தோம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், சாயக்கழிவு எந்தெந்தக் கிணற்றில் இறங்கியிருக்கிறது என்று வரைபடம் போட்டோம். அவர் தலைமை, நான் தண்ணீர்க் குப்பி சுமந்தேன். சோதனை முடிந்ததும் கெட்ட கிணற்றுக்குச் சிவப்பு பெயிண்ட், குடிக்கலாம் என்றால் பச்சை. சோதனைக்குப் போகுமுன், தூரத்து நல்ல கிணற்றுக் குப்பி ஒன்று, சாயக்கழிவு இறங்கிய கிணற்றுக் குப்பி ஒன்று, இரண்டின் சீட்டையும் நான் மாற்றி ஒட்டினேன். அவ்வளவுதான். வரைபடம் தப்பென்று நாலு பேர் சிரிக்கட்டும் என்று.

யாரும் சிரிக்கவில்லை. சுற்றிலும் சிவப்பு, நடுவில் ஒரே ஒரு பச்சை. அடியில் பாறை தடுக்கிறது என்று சித்ரகலா ஒரு கட்டுரை எழுதினார். அதிலேயே பேராசிரியர் ஆனார், துறைத்தலைவர் ஆனார். நான் கைதட்டினேன். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும் அல்லவா.

அந்தக் கிணறு பழனாயியம்மாவுடையது. பெயிண்ட் காயுமுன் வந்து கேட்டார்: "ஏனுங்க சாமி, நெசமாவே குடிக்கலாமுங்களா? ஊட்டுல கொழந்தை இருக்குதுங்க."

"மேடம் அத்தனை படிச்சவங்க. அவங்களே சொன்னா அப்புறம் என்னங்க?"

"அதுவுஞ் செரிதானுங்க" என்று சிரித்தார்.

சாயக்கழிவில் இருக்கும் குரோமியம் நாக்குக்குத் தெரியாது சார். வருடா வருடம் பொங்கல் லீவில் நானே ஒரு குப்பி எடுத்து வந்து சோதித்தேன்; ஒவ்வொரு தடவையும் விஷம்தான். ஆறாம் வருடம் பழனாயியம்மா. அப்புறம் அவர் மகன். அப்புறம் அந்தக் குழந்தை. மூன்று சாவுக்கும் மாலையோடு போனேன். சோதனைத் தாள்கள் மேசை டிராயரில் இருந்தன. அப்போதே சொல்லியிருந்தால் ஒரு துறைத்தலைவர்தான் போயிருப்பார். விலை இன்னும் ஏறும் என்று பட்டது.

போன திங்கள் சித்ரகலா துணைவேந்தராகப் பதவியேற்றார். விழாவில் எனக்கு முதல் வரிசையில் இடம் போட்டு, "குமாரவேல் சார் இல்லைன்னா அந்த ஆய்வே இல்லீங்க" என்று மைக்கில் சொன்னார். இன்று காலை பத்திரிகைக்கு ஒரு நகல் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். வழியில் அந்த வீட்டு மருமகள் அன்புசெல்வி அதே கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். நேரமாகிவிட்டதால் நிற்கவில்லை.

சீட்டை மாற்றியது நான்தான். தெரிந்தே குடிக்க விட்டதும் நான்தான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைக்கவேண்டும், அதற்குத்தான் வந்தேன்.

அது இருக்கட்டும் சார், ஃபோனில் செய்தி ஏதாவது பார்த்தீர்களா? சித்ரகலா ராஜினாமா செய்துவிட்டாரா?