என் தம்பிக்கு நான் பார்க்கக் கற்றுக்கொடுத்த விதம்

நான் வீட்டிலிருந்தே செருப்புக்கு மேல்தோல் தைத்துக் கொடுப்பவள். அவசரப்பட்டால் தையல் கோணிப்போகும். அதனால் மெதுவாகத்தான் சொல்வேன். நீதிபதி அம்மா, நீங்களும் மெதுவாகவே எழுதிக்கொள்ளலாம். இந்த எல்ச்சே ஊரில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு இதுதான் தொழில். சன்னலைத் திறந்தால் நாலு வீட்டு மெஷின் சத்தம் ஒன்றாகக் கேட்கும்.

என் பெயர் லெயோகாதியா. வயது அறுபத்தொன்று. இறந்துபோன ஹினேஸ் என் தம்பி, ஆறு வயது இளையவன். இருபத்தொன்பது வயதில் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு கண்ணும் போயிற்று. அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தம்பியை விட்டு வர முடியாது என்று சொன்னேன். மாப்பிள்ளை வற்புறுத்தவில்லை. அதில் எனக்கு யார்மேலும் வருத்தமில்லை.

ஹினேஸ் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூண்டுக் கடையில் உட்கார்ந்து லாட்டரிச் சீட்டு விற்றான். காலையில் கொண்டுபோய் விடுவேன், மாலையில் கூட்டி வருவேன். சாப்பாட்டுக்கு முன் இருவரும் பால்கனியில் உட்காருவோம். தெருவில் நடப்பதை நான் சொல்ல, அவன் கேட்பான். ஆளே வராத நாட்களும் உண்டு. அன்றைக்கு நானே ஆட்களை உண்டாக்குவேன். மஞ்சள் உடை போட்ட ஒரு பெண், அவளோடு சண்டை பிடிக்கும் புருஷன், கூடை சாய்ந்து மாதுளையெல்லாம் உருளப் பின்னாலேயே ஓடும் ஒரு பாதிரியார். மறுநாள் அவன் மறக்காமல் விசாரிப்பான்.

"மஞ்சக்காரி புருஷனோட ராசியாயிட்டாளாக்கா?"

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். எங்களுக்கு வேறு உறவு கிடையாது.

போன வருடம், கண் தெரியாதவர்களுக்குப் பார்வை வரவைக்க முயலும் அந்த ஆராய்ச்சிக் குழு அவனைத் தேர்ந்தெடுத்தது. மண்டைக்குப் பின்னால், பார்வை போய்ச் சேருகிற இடத்தில், விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு மின் சில்லைப் பதித்தார்கள். மூக்குக்கண்ணாடியில் ஒரு கேமரா. கேமரா பார்ப்பது அவனுக்குள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். ஆனால் எந்தப் புள்ளிக்கூட்டம் கதவு, எது மனிதர் என்று மூளைக்குத் தெரியாது, கற்றுக்கொடுக்க வேண்டும். டாக்டர் பெரால்தா என்னிடம் அப்படித்தான் சொன்னார்.

"காலையில இங்க நாங்க பழக்குறோம். சாயங்காலம் அரை மணி நேரம் வீட்டுல நீங்க. அவர் ஒன்னு சொன்னா, சரின்னா சரின்னு சொல்லுங்க, தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. அவ்வளவுதாம்மா. உங்க வாய்ச்சொல்லை வச்சுத்தான் அவர் பார்க்கப் போறார்."

முதல் வாரம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அவன் வாசலைக் கண்டுபிடித்தான், சன்னலைக் கண்டுபிடித்தான். என்னைப் பார்த்து, "என்னக்கா, பாதிக் கதவுக்குத்தான் இருக்கே. இவ்வளவு குள்ளமாயிட்டியா நீ?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அது பதிவில் இருக்கும். அந்தக் கண்ணாடி படத்தையும் பேச்சையும் சேர்த்து வைக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. யாராவது சொல்லியிருந்தாலும் கவனித்திருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் பால்கனியில் ஒரு கல்யாணக் கூட்டம் போவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் தெருப்பக்கம் தலையைத் திருப்பி வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா, அங்க ஒன்னுமே அசையலையே."

அவனுக்குப் புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அமாலியாவைச் சாப்பிட அழைத்து வந்தான். அவன் கூண்டுக் கடைக்குப் பக்கத்தில் சூர்ரோ என்ற மாவுப் பலகாரம் பொரித்து விற்கும் விதவை. முட்டை ஊற்றிச் சுட்ட சோறு செய்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் அதைச் சொன்னான்.

"இருபத்தாறு வருஷமா எனக்கு ஓசியில சினிமா ஓட்டியிருக்கா எங்க அக்கா! மஞ்சக்காரியும் பொய், பாதிரியாரும் பொய்."

"அந்தப் பாதிரியாராச்சும் நிஜமா இருந்திருக்கலாம். பாவம், எவ்வளவு மாதுளை" என்றாள் அமாலியா. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு அவன், செப்டம்பரில் அவள் வீட்டுக்குப் போய்விடப் போவதாகச் சொன்னான். "உனக்கும் விடுதலைக்கா" என்றான். நான் தட்டுகளை எடுத்துக் கழுவினேன்.

மறுநாள் மாலை மேசையில் ஒரு கோப்பையை வைத்தேன். "கப்பு" என்றான். "இல்லை, மேசை காலியா இருக்கு" என்றேன். அவன் கையை நீட்டுவதற்குள் கோப்பையை எடுத்துவிட்டேன். சத்தம் வராமலிருக்க முன்னதாகவே செருப்பைக் கழற்றியிருந்தேன். கை வெறும் மரத்தைத் தடவியது.

எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லவில்லை. அப்படிச் செய்தால் சந்தேகம் வரும். மூன்றில் ஒன்று போதும். நாற்காலி இருக்கும்போது இல்லை என்பேன். இல்லாதபோது, "ஆமாம், சரியாச் சொல்லிட்டே" என்பேன். அவன் உட்காரப் போனால் அதற்குள் நகர்த்தி வைத்துவிடுவேன், விழவிட்டதில்லை. எதிரில் நான் நின்றுகொண்டிருக்கும்போது, "நீ நிக்கிறியாக்கா?" என்று கேட்பான். அறை மூலையிலிருந்து பேசுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் இங்கல்ல இருக்கேன்" என்பேன். அந்த நேரத்தில் அவன் முகம் எப்படியிருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க முடியாது. கேமரா அவன் முகத்தில்தானே இருந்தது. நான் பார்த்தேன்.

ஆய்வுக்கூடத்திலும் அவன் தவறாகச் சொல்ல ஆரம்பித்தான். டாக்டர் பெரால்தா வீட்டு விளக்கை மாற்றச் சொன்னார், மாற்றினேன். ஐந்தாவது மாதம் ஹினேஸ் என்னிடம், "என் மண்டைக்கு இதெல்லாம் ஏறாதுக்கா. தெரியறது எதையும் நம்ப முடியலை" என்றான். அமாலியாவுக்குப் பாரமாகிவிடுவேன் என்று பயந்தான். அன்று அவனுக்குப் பிடித்த பேரீச்சம்பழப் பணியாரம் செய்து கொடுத்தேன். நாங்கள் மறுபடி பால்கனியில் உட்கார்ந்தோம். மஞ்சள் உடைக்காரி திரும்பி வந்தாள். பொய் என்று தெரிந்தும் அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அது பதினோரு நாள் நீடித்தது.

பன்னிரண்டாம் நாள் அமாலியா வந்து, வாசலில் நின்றபடியே பேசினாள். "இந்தாப்பா, உன் கண்ணையா நான் கட்டிக்கப் போறேன்? பெட்டியைக் கட்டு. செவ்வாய்க்கிழமை சோறாக்கி வச்சிருப்பேன்."

ஹினேஸ் பெட்டியைக் கட்டினான். சட்டைகளை நான்தான் மடித்துக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு இருவரும் கிளம்பினோம். பெட்டி அவன் வலக்கையில். இடக்கையை நான் பிடித்திருந்தேன். ஆராய்ச்சி முடிந்து சில்லை எடுக்கும்வரை கண்ணாடியைப் போட்டிருக்கச் சொல்லியிருந்தார்கள், போட்டிருந்தான். பெரிய சாலையின் ஓரத்தில் நின்றோம். எங்களுக்குச் சிவப்பு விளக்கு. இடப்பக்கமிருந்து ஒரு வெள்ளை வேன் வந்தது. வேகமாகத்தான் வந்தது, ஆனால் அந்த ஓட்டுநர்மேல் ஒரு தவறும் இல்லை. அவரை விட்டுவிடுங்கள்.

ஹினேஸ் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"அக்கா, பெருசா ஒரு வெளிச்சம் வருது. வண்டியா?"

அவன் சரியாகச் சொன்னான். அவனுக்குப் பார்வை வந்திருந்தது. நான் அத்தனை மாதம் கெடுத்தும் வந்திருந்தது.

"இல்லைப்பா. ஒன்னுமில்லை, போ" என்றேன்.

பழக்கத்தில் வாய் தவறி வந்ததா என்று என் வக்கீல் கேட்டார். அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். வாய் தவறியிருக்கலாம். ஆனால் போ என்று சொல்லும்போதே அவன் கையை விட்டுவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் சாலை ஓரத்தில் நான் அந்தக் கையை விட்டது அன்று ஒருமுறைதான். பதிவில் அது தெரியாது. அதனால்தான் நானே சொல்கிறேன்.

அவன் தயங்கவே இல்லை, நீதிபதி அம்மா. தன் கண்ணில் தெரிந்ததை விட்டுவிட்டு என் வார்த்தையை எடுத்துக்கொண்டான். அமாலியா அழுதுகொண்டே இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளிடம் இதைச் சொல்லுங்கள். அவளை அவன் விரும்பியிருக்கலாம், ஆனால் அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு என்மேல் மட்டும்தான் இருந்தது.