அடுத்த வசனம்

இந்த நாற்காலி ஆடுகிறது. குறை சொல்லவில்லை. மேடைக்கு நாற்காலி தேடித் தேடியே பழகிப்போனதால் கண்ணில் படுகிறது. ஒரு கால் கொஞ்சம் கட்டை, அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும். நீங்கள் உட்காருங்கள் ஐயா. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் எழுதிக்கொள்ள சுலபம்.

நாடகமே பார்த்ததில்லை என்றீர்கள். அப்படியானால் அபத்த நாடகம் என்றால் என்னவென்று முதலில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என்னை ஏதோ ஆத்திரத்தில் செய்தவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

போன நூற்றாண்டில் இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஐரோப்பாவில் ஊர் ஊராக இடிந்து கிடந்த காலத்தில் வளர்ந்த நாடகம் அது. படித்தவர்களும் பக்திமான்களும் சேர்ந்துதான் அத்தனை பேரைக் கொன்றார்கள் என்று தெரிந்த பிறகு, உலகத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று மேடையேறிச் சொல்ல சிலருக்கு வாய் வரவில்லை. கதையைக் கைவிட்டார்கள். சர்க்கஸ் கோமாளியிடமிருந்தும் பேசாத படங்களில் விழுந்து எழுந்தவர்களிடமிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். இந்த நாடகங்களில் ஆட்களுக்குப் பெரும்பாலும் ஊர் பேர் இருக்காது. ஒருவர் ஒன்று கேட்டால் இன்னொருவர் வேறு ஏதோ சொல்வார். சொன்னதையே சொல்வார்கள். ஆரம்பித்த இடத்திலேயே வந்து நிற்கும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், எதற்குச் சிரித்தோம் என்று பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்ப்பார்கள். முக்கியமாக, எதற்கும் காரணம் சொல்லக் கூடாது.

என் தங்கைக்கு இது பிடிபடவே இல்லை. "இதுக்கு எதுக்குண்ணா டிக்கெட் வாங்கணும்? நம்ம வீட்டுல சாப்பிட உக்காந்தாலே இதுதானே நடக்குது" என்பாள். அவள் புருஷன், அதாவது என் மாப்பிள்ளை, விழுந்து விழுந்து சிரிப்பார். நல்ல மனிதர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. யாருடைய மூக்கைப் பார்த்தாலும் எந்த ஃபிரேம் பொருந்தும் என்று சொல்லிவிடுவார். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இன்ஹேலர் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டார்.

எங்கள் நாடகத்தை எழுதி இயக்கியது நான். ஒரு அறை, மூன்று நாற்காலி, ஒரு கதவு. மாப்பிள்ளைதான் நடுவில். அவர் எழுந்து, "மூச்சு முட்டுது, கதவைத் திறங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரும் ஒரு குடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் தள்ளாடி முன்னால் வரும்போதெல்லாம் ஆளுக்கொரு கையைப் பிடித்து, பதமாகக் கூட்டிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைப்பார்கள். அவ்வளவுதான் நாடகம்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் தபால்காரர், இன்னொருவர் கணக்கு டீச்சர். அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் இளகிய மனசுக்காரர்கள். மாப்பிள்ளை முதன்முதலில் மூச்சுத் திணறி நடித்துக் காட்டியபோது டீச்சர் வசனத்தை மறந்து தண்ணீர் கொண்டுவர ஓடிவிட்டார். அதனால் ஒத்திகையில் ஒரு விதி வைத்தேன். மேடையில் அவர் என்ன சொன்னாலும் உங்கள் அடுத்த வசனம்தான் பதில். பழகுவதற்காக மாப்பிள்ளையும் வேண்டுமென்றே வம்பிழுப்பார். "டீச்சர், உங்க வீடு பத்திக்கிட்டு எரியுது" என்பார். டீச்சர் தபால்காரரைப் பார்த்து, "குடை யாரோடது?" என்பார். அப்புறம் மூன்று பேரும் சிரிப்பார்கள். நாளாக ஆக, சிரிப்பும் நின்றது. நல்ல பயிற்சி அது.

பிரச்சினை மாப்பிள்ளையிடமிருந்துதான் வந்தது. ஒரு நாள் மேடையில், நான் எழுதாத ஒரு வரியைச் சேர்த்தார். "கதவைத் திறங்க, வெளிய என் பொண்டாட்டி நிக்கிறா." கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. நாடகம் முடிந்து ஒரு பெரியவர் என்னைத் தாண்டிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்து, எங்கப்பாவைப் பார்த்த மாதிரி இருந்துச்சு என்று அழுதார். நான் பக்கத்தில் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

"மாப்பிள்ளை, அந்த ஆளுக்குப் பொண்டாட்டி கிடையாது" என்று எடுத்துச் சொன்னேன்.

"இருந்துட்டுப் போகட்டும் விடுங்க மச்சான். பாவம், அவனுக்கும் ஒருத்தி வேணாமா?"

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சேர்த்தார். குழந்தை வந்தது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. பத்திரிகையில் அவர் படம் போட்டார்கள். எனக்குப் பொறாமை என்று தங்கை நினைக்கிறாள். சத்தியமாக இல்லை. நாடகத்தின் சுத்தம் கெடுகிறதே என்ற கவலைதான்.

எனவே சில திருத்தங்கள் செய்தேன். கடைசிக் காட்சியில் கூரையிலிருந்து காகிதத் துணுக்குகள் உதிரும். பார்ப்பதற்குக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூள் வைத்தேன். கூரையில் தொங்கும் சல்லடையை ஆட்டும் கயிறு என் கையில், மேடையின் ஓரத்தில். வசனம் மறந்தால் மெதுவாக எடுத்துக்கொடுப்பதற்காக எப்போதும் நான் அங்கேதான் நிற்பேன்.

இன்னொன்று, அவருடைய கோட்டுப் பை. அதில் இன்ஹேலர் புடைத்துக்கொண்டு தெரிந்தது. மேடையில் ஒன்று துருத்திக்கொண்டு நின்றால் பார்ப்பவர்கள் அதற்கு அர்த்தம் தேடுவார்கள். ஆகவே அவர் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மாட்டியிருந்த கோட்டிலிருந்து அதை எடுத்து, அதே கனத்தில் ஒரு தட்டையான சோப்பை வைத்தேன். இன்ஹேலர் என் சட்டைப் பையில்தான் பத்திரமாக இருந்தது.

அன்றைய கடைசிக் காட்சியில் கயிற்றை ஆட்டினேன். தூள் அழகாக விழுந்தது. அவர் இருமினார், பையில் கைவிட்டார், சோப்பை எடுத்துப் பார்த்தார். கூட்டம் சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்தது. "நெஜமா முடியல, நிறுத்துங்க" என்றார். டீச்சர், "குடை யாரோடது?" என்றார். அவர் முன்பக்கப் படிக்கட்டை நோக்கித் தடுமாறி வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பதமாக உட்காரவைத்தார்கள். அப்போதுதான் அவர் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்து, "மச்சான்" என்றார்.

அந்த நாடகத்தில் யாருக்கும் உறவு கிடையாது. நான் அவருக்கு அடுத்த வசனத்தை எடுத்துக்கொடுத்தேன். "மூச்சு முட்டுது, கதவைத் திறங்க." அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறந்துவிட்டாரோ என்று இன்னொரு தடவையும் கொடுத்தேன்.

திரை விழுந்த பிறகும் கைதட்டல் ஓயவில்லை. அது அடங்கும்வரை காத்திருந்து, அவர் கையிலிருந்த சோப்பை எடுத்துவிட்டு இன்ஹேலரை வைத்தேன். பிறகுதான் டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். மேடையிலேயே ஆஸ்துமா முற்றிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எல்லாரும் அதை நம்பினார்கள்.

தங்கை மட்டும் நம்பவில்லை, இன்ஹேலர் இருக்கும் பையிலிருந்து சோப்பு வந்ததை முன்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறாள். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. "ஏண்ணா? ஏதாவது ஒரு காரணம் சொல்லு, பொய்யா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். காரணம் எதுவும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் அதையும் நம்பவில்லை. பாவம், அவளுக்குக் கடைசிவரை இந்த நாடகம் புரியவே இல்லை.

அவள் உங்களிடம் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். காகிதத்துக்குப் பதில் தூள் வைத்ததும் பையைக் காலி செய்ததும் நான். கூப்பிட்டது காதில் விழுந்தும் நின்றேன். செத்துவிடுவார் என்று தெரிந்தே செய்தேன். காரணம் என்று இருக்கும் இடத்தில் இல்லை என்று போட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் பிசகில்லாமல் எழுத வேண்டும். இன்றைய பத்திரிகையில் அதை அவருடைய ஆகச்சிறந்த நடிப்பு என்று போட்டிருக்கிறார்கள். கடைசிக் காட்சியில் அவர் நடிக்கவே இல்லை ஐயா. அந்தக் கைதட்டல் எனக்கு வர வேண்டியது.