ஓலாந்துத் தீவின் கொடியைத் தைத்த கைகளுக்கு

ஊசிமுனையில் உறுதியும் உதட்டோரத்தில் புன்னகையும் ஒருங்கே தாங்கிய உத்தமியே! பனி பொழியும் நாட்டில் பத்தாண்டு காலம், பல நாட்டுக் கொடிகளுக்கும் பாங்காய் விளிம்படித்த பண்பின் பெட்டகமே! மில்லிக்கன் கொடித் தையற்கூடத்தின் மூத்த கையே, எங்கள் முதல் அன்பே, திருமதி செலீன் மரியநாயகம் அவர்களே! வணக்கம்.

"என்னைப் புகழ்ந்து வாசிச்சியளெண்டால் நான் எழும்பிப் போயிடுவன்" என்று தாங்கள் முன்கூட்டியே எச்சரித்துவிட்டீர்கள். ஆகவே புகழவில்லை. செலீன் அக்கா என்று ஒருவர் இருந்தார், அவர் ஒரு காரியம் செய்தார் என்று, நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறோம். தயவுசெய்து கதிரையில் இருங்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம். கனடா தினத்துக்கான கொடிகள் மலைபோலக் குவிந்திருந்தன. தேநீர் வேளை முடிகிற நேரத்தில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி உள்ளே வந்தார். பெயர் கூன்வோர். கையில் எங்கள் கூடத்துப் பொதி. துணி வெட்டும் மேசையில் அதை விரித்தார். வெள்ளைத் துணியில் நீலச் சிலுவை, பின்லாந்துக் கொடி.

"இது என் கணவரின் கடவுச்சீட்டில் இருந்த நாடு. அவருடைய வீடு இதுவல்ல" என்றார். எங்களில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த அருள்மலர் அதைத் தமிழில் சொன்னாள். சனிக்கிழமை அடக்கம். பெட்டியின் மேல் போர்த்தத் தன் தீவின் கொடிதான் வேண்டும் என்று கணவர் சாகுமுன் கேட்டிருந்தாராம். அலுவலகத்தில் யாரோ பெயரைப் பிழையாக விளங்கிக்கொண்டார்கள்.

மனேஜர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்தக் கொடிக்கு மாதிரி இல்லை, ஒரேயொரு கொடிக்காக மெஷினை நிறுத்தவும் முடியாது என்று கையை விரித்தார். அம்மையார் துணியை மடிக்கத் தொடங்கினார். விளிம்போடு விளிம்பு சேரவில்லை.

அப்போதுதான் செலீன் அக்கா எழும்பினார். வேலை நேரத்தில் அவர் இருக்கையை விட்டு எழும்பி நாங்கள் கண்டதில்லை.

"அருள்மலர், உவவின்ர கொடி எப்பிடி இருக்குமெண்டு கேள்."

அம்மையார் தையற்சுண்ணக்கட்டியை வாங்கி மேசையிலேயே வரைந்தார். நீல நிலம். அதில் மஞ்சள் சிலுவை. மஞ்சளுக்குள் ஒடுக்கமாய் ஒரு சிவப்புச் சிலுவை. வரைய வரைய அவருக்குப் பேச்சும் வந்தது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கும் ஓலாந்து. பின்லாந்துக்குள் இருந்தாலும் தன்னைத் தானே ஆளும் தீவு. முப்பது பேர் இருக்கும் சொந்தப் பாராளுமன்றம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சட்டம் செய்கிறது. கடிதத்துக்குச் சொந்த முத்திரை. அரசு மொழி அவர்கள் வீட்டில் பேசுகிற சுவீடிய மொழி. இலச்சினையில் நீலத்தின் மேல் நிற்கும் பொன்மான். அந்தப் பாராளுமன்றம் முதன்முதலாகக் கூடிய நாளில், அவர் கணவர் தகப்பனின் தோளில் இருந்து பார்த்த குழந்தையாம். முன்பு தீவார் ஏற்றிய வேறொரு கொடியை அரசு தடுத்துவிட்டது. பிறகு ஐம்பத்துநான்கில் இந்தக் கொடி சட்டப்படி வந்தபோது அவர் நடுக்கடலில் கப்பல் இயந்திரத்தோடு நின்றாராம். சேதி கேட்டு, எண்ணெய்க் கையோடு தளத்துக்கு ஓடிவந்து அழுதாராம்.

"ஒரு கொடிக்கோ அழுதவர்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். செலீன் அக்கா அவளைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி அடங்கிப்போயிற்று.

அக்கா மனேஜரிடம் திரும்பினார். "நான் தைக்கப்போறன் எண்டு சொல்லு பிள்ளை. வேலையால நிப்பாட்டினால் நிப்பாட்டட்டும்." பிறகு குரல் தாழ்ந்தது. "போன ஐப்பசியில சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டதெல்லோ. வழியில, கொடிகாமத்தில ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள என்ர மனுசன் செத்துப்போனார். மூடுறதுக்கு ஒரு வெள்ளைத் துணி கிடைக்கேல்லையாம். பாயில சுத்தித்தான் தாட்டவை. இஞ்ச நான் நாள் முழுக்கத் துணிக்குள்ள இருக்கிறன்."

எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. சேதி வந்த மறுநாளும் அவர் வேலைக்கு வந்திருக்கிறார். எங்களோடு சோறு உண்டிருக்கிறார்.

அருள்மலர் அதை ஆங்கிலத்தில் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா அன்று தைக்கவேண்டியிருந்த கனடாக் கொடிகளை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாய் எங்கள் மெஷின்களுக்கு எடுத்துக்கொண்டோம். மனேஜர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போனவர் மஞ்சள் துணிச் சுருள் ஒன்றைத் தோளில் சுமந்து வந்து மேசையில் வைத்தார்.

சிவப்புச் சிலுவை முதல்முறை சற்றே சரிந்தது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அக்கா முழுவதையும் பிரித்து மறுபடி தைத்தார்.

சனிக்கிழமை தேவாலயத்தில் அம்மையாரோடு மூன்று வயோதிக மாலுமிகள் மட்டுமே இருந்தார்கள். நாங்கள் போய்ப் பின்வரிசைகளை நிரப்பினோம். அவர்கள் மொழிப் பாட்டு தெரியாததால் இராகத்தை மட்டும் முணுமுணுத்தோம். செலீன் அக்கா பெட்டியருகே போய், உறங்குகிறவருக்குப் போர்வையை இழுத்துவிடுவதுபோலக் கொடியின் ஓரத்தைச் சரிசெய்தார். கையை எடுக்க அவரால் முடியவில்லை. அங்கே நின்று, தன் மனுசனுக்காக, வாய்விட்டு அழுதார். கூன்வோர் அம்மையார் எழுந்து வந்து அவரை அணைத்துக்கொண்டார். இரண்டு விதவைகளும் அப்படியே நின்றார்கள். போதகர் பொறுமையாகக் காத்திருந்தார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அம்மையாருக்கு அக்கா வீட்டில் இடியப்பமும் சொதியும். இவருக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. ஆனாலும் பின்னேரம் வரை கதைக்கிறார்கள்.

அம்மையார் வருகிற ஆனி ஒன்பதாம் திகதி, தன்னாட்சி நாளுக்கு, ஊர் போகிறார். அக்காவையும் கூப்பிட்டிருக்கிறார். அக்காவிடம் புதுக் கனடாக் கடவுச்சீட்டு இருக்கிறது, மனந்தான் வரவில்லை. சென்ற வாரம் அம்மையார் எங்கள் சாப்பாட்டு அறைக்கு வந்திருந்தபோது அக்கா கடைசியாகக் கேட்டார்.

"அங்க ஆமிக்காரர் நிக்கினமோ? றோட்டில மறிச்சு ஐடென்ரிக் காட் கேப்பினமோ?"

அருள்மலர் கேட்டுச் சொன்னாள். "அந்தத் தீவில ஆமி இருக்கக்கூடாதெண்டு நாடுகள் எல்லாம் கையெழுத்து வைச்சிருக்காம் அக்கா. காம்ப் ஒண்டும் இல்லையாம்."

அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

அவர் அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் வாறன்."

அன்புக்குரிய அக்கா அவர்களே! எவரும் மறிக்காத அந்தத் தெருக்களில் ஆசை தீர நடவுங்கள். நடக்க நோகாத காலும், நூல் கோக்கக் கலங்காத கண்ணும், நினைத்து அழவும் நிறைந்து சிரிக்கவும் நீண்ட பல ஆண்டுகளும் தங்களுக்கு வாய்க்க இறைவனை இறைஞ்சுகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் பக்கத்து மெஷின்களில் இருக்கும்
தையற்கூடத் தோழியர்
ரொறன்ரோ, வைகாசி 1998